ஓதிக் கொடுப்பவரின் ஊதியமும் ஓதும் பிள்ளையின் வீடும்



மூன்று விஷயங்களில் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், மஃரிபுக்குப் பின் தொடங்கிய மஹல்லாக் கூட்டம் இஷா பாங்கு சொன்ன பிறகும் முடிவதில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முதன்மையா, மதரஸா முதன்மையா என்பது முதலாவது. ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது, அதை யார் கொடுப்பது என்பது இரண்டாவது. கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா, எந்த வீட்டில் பிள்ளை நன்றாக வளரும் என்பது மூன்றாவது. இம்மூன்றிலும் ஒரே வீட்டுக்குள் கணவருக்கு ஒரு கருத்தும் மனைவிக்கு ஒரு கருத்தும் இருப்பதைக் காண்கிறோம்.

நாம் இருபது ஆண்டுகளாக மக்தபில் ஓதிக் கொடுத்து வருகிறோம். பிறந்தது ராவுத்தர்கள் மிகுதியாக வாழும் உள்நாட்டு ஊரொன்றில். பணியாற்றுவது மரைக்காயர்கள் வாழும் கடற்கரை ஊரில். அங்கே ஹனஃபி மத்ஹப், இங்கே ஷாஃபிஈ மத்ஹப். அங்கே மணமகள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அங்கே தந்தையை அத்தா என்பார்கள். இங்கே வாப்பா என்பார்கள். இரண்டு விதமான வீடுகளிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு அலிஃப், பா சொல்லிக் கொடுத்தவர் என்ற முறையில், நாம் விளங்கிக்கொண்ட சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பள்ளிக்கூடமா, மதரஸாவா?

இக்கேள்வி கேட்கப்படும் விதத்திலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. மதரஸா என்று சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது, விடுதியில் தங்கி முழுநேரமாக ஓதும் அரபிக் கல்லூரியும் ஹிஃப்ழு மதரஸாவுமே. ஆனால் சமுதாயத்தின் பெரும்பாலான பிள்ளைகள் அங்கே இல்லை. 2006ஆம் ஆண்டு வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை, இந்தியாவில் பள்ளி வயதிலுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மதரஸாவில் பயில்வோர் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இல்லை என்பதை எடுத்துக்காட்டியது. மக்தபையும் மதரஸாவையும் ஒன்றாகக் கருதும் பிழையையும் அது சுட்டியது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் வந்து ஓதிவிட்டுப் போகும் இடம் மக்தப்.

எஞ்சிய தொண்ணூற்றாறு பேரின் மார்க்கக் கல்வி எங்கே நடக்கிறது? மக்தபில் நடக்கிறது, அல்லது வீட்டில் நடக்கிறது, அல்லது எங்கும் நடப்பதில்லை. ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு முன்னால் இருப்பது 'பள்ளிக்கூடமா, மதரஸாவா' என்ற கேள்வி அன்று. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே கேள்வி.

அந்த ஒரு மணி நேரம் ஆண்டுக்காண்டு சுருங்கி வருவதை நாம் கண்ணால் காண்கிறோம். முன்பு சுப்ஹு தொழுகைக்குப் பின் வந்த பிள்ளைகள் எட்டு மணி வரை இருந்து ஓதினார்கள். இப்பொழுது ஏழேகால் மணிக்கே பள்ளி வேன் தெருமுனையில் நிற்கிறது. மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமையில் நீட் பயிற்சி, கராத்தே. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் மக்தபுக்கு ஒரேயடியாக விடுப்பு.

ஒரு சாரார் கூறுகின்றனர்: "துன்யாவில் பின்தங்கிய சமுதாயத்துக்கு முதலில் பட்டம் வேண்டும், அரசு வேலை வேண்டும், ஓதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." இவர்களின் கவலை நியாயமானது. பத்ரு போரில் பிடிபட்ட கைதிகளில் பிணைத்தொகை கொடுக்க இயலாத, எழுத்தறிந்தவர்களை, மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெறச் செய்த வரலாறு நமக்கு உண்டு. அந்த ஆசிரியர்கள் முஸ்லிம்கள்கூட அல்லர். கல்வியை எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. கல்விக்காகத் தம் பொருளைச் செலவிட்ட முன்னோர்களும் இதை உணர்ந்திருந்தனர். திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951இல் தொடங்கப்பட்டது அந்த உணர்வினால்தான்.

மற்றொரு சாரார் கூறுகின்றனர்: "ஊருக்கு நான்கு ஹாஃபிழ்களும் ஆலிம்களும் உருவாகாவிட்டால் நாளை ஜனாஸா தொழுகை நடத்த ஆள் தேடவேண்டி வரும்." இதுவும் நியாயமான கவலையே. ஆனால் முழுநேர மதரஸாவுக்குப் பிள்ளையை அனுப்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மதரஸாக்களுக்கும் மார்க்கக் கல்வியை முதன்மையாக அளிக்கும் பிற நிறுவனங்களுக்கும் பொருந்தாது. இது நமக்குக் கிடைத்த சுதந்திரம். கூடவே நம் தோளில் ஏறிய பொறுப்பு. அந்தப் பிள்ளைக்குக் கணக்கும் தமிழும் ஆங்கிலமும் கிடைக்கின்றனவா என்று பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். நாம்தான் பார்க்க வேண்டும். திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பும், பிறகு அஃப்ஸலுல் உலமா பட்டமும் எழுத வைக்கும் மதரஸாக்கள் பல இருக்கின்றன. சேர்க்கும் முன் அதைக் கேட்டறிவது மார்க்கப் பற்றில் குறைவு ஆகாது.

உஸ்தாதின் சம்பளம்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். "அல்லாஹ்வுக்காகச் செய்யும் வேலைக்குச் சம்பளம் பேசலாமா?" என்று நம்மிடமே கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் கெட்ட எண்ணம் உடையவர் எவரும் இல்லை. இமாம்களிடையே இக்கேள்வி உண்மையாகவே விவாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிவது பயன் தரும்.

உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் திண்ணைத் தோழர்களுக்குக் குர்ஆனும் எழுத்தும் கற்றுக்கொடுத்தபோது, ஒருவர் அவருக்கு வில்லொன்றை அன்பளிப்பாக அளித்தார். அதைப் பற்றிக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்ததாக அபூதாவூதில் வருகிறது. இத்தகைய அறிவிப்புகளைக் கவனத்தில் கொண்டு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் அவர்களின் தோழர்களும் குர்ஆன் கற்பிக்கக் கூலி பெறுவது கூடாது என்றனர். மறுபுறம், தேள் கடிக்கு அல்ஃபாத்திஹா ஓதி ஆடுகளைப் பெற்ற நபித்தோழரைப் பற்றிய ஹதீஸில், கூலி பெறுவதற்கு அல்லாஹ்வின் வேதமே மிகவும் தகுதியானது என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் வருகிறது. ஓர் இரும்பு மோதிரம்கூட இல்லாத ஏழைத் தோழருக்கு, அவர் மனனம் செய்திருந்த குர்ஆனை மஹராக வைத்து நிகாஹ் செய்து கொடுத்த நிகழ்ச்சியும் உண்டு. இவற்றைக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபில் அது அனுமதிக்கப்பட்டது.

அடுத்து நடந்தது தான் கவனிக்கத்தக்கது. பிற்கால ஹனஃபி அறிஞர்கள் தங்கள் மத்ஹபின் பழைய தீர்ப்பை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. முற்காலத்தில் ஓதிக் கொடுப்பவர்களுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை கிடைத்தது. அது நின்றுபோன பிறகும் கூலி கூடாது என்றால், அவர்கள் பிழைப்பைத் தேடிப் போய்விடுவார்கள், குர்ஆன் கற்பித்தல் அழிந்துவிடும் என்று ஆராய்ந்து அனுமதி அளித்தனர். 1197இல் மறைந்த மர்கீனானி அவர்களின் ஹிதாயாவிலேயே இது இடம்பெற்றுவிட்டது. அனுமதியின் காரணத்தைப் பாருங்கள்: உஸ்தாதின் வசதிக்காக அன்று, பிள்ளையின் கல்வி அழியாமலிருப்பதற்காக. ஆகவே இன்று 'இக்லாஸோடு ஓதிக் கொடுங்கள்' என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பவர், பழைய தீர்ப்பின் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அந்தத் தீர்ப்பின் மறுபாதியான பைத்துல்மால் உதவித்தொகையை அவர் கொண்டுவரவில்லை.

கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரலி) அவர்கள் மறுநாளே வழக்கம்போல் துணி மூட்டையுடன் சந்தைக்குப் புறப்பட்டதும், உமர் (ரலி) போன்றோர் தடுத்து அவர்களுக்கு உதவித்தொகை நிர்ணயித்ததும் யாவரும் அறிந்ததே. அவர்களின் இக்லாஸில் குறை கண்டு எவரும் அப்படிச் செய்யவில்லை.

நம்முடன் ஓதிக் கொடுத்த இளம் ஆலிம் ஒருவர் சென்ற ரமளானுக்குப் பிறகு பணியிலிருந்து விலகினார். குர்ஆனை முழுமையாக மனனம் செய்தவர். தஜ்வீதில் நம்மைவிடத் தேர்ந்தவர். பிள்ளைகள் அவர் மீது உயிராக இருந்தனர். மாதம் 9,000 ரூபாய் சம்பளத்தில் வீட்டு வாடகைக்கே பாதி போனது. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். "ஹஜ்ரத், நான் ஓதிக் கொடுப்பதை விடவில்லை, சம்பளத்துக்கு ஓதிக் கொடுப்பதைத்தான் விட்டிருக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவரிடம் ஓதிய முப்பது பிள்ளைகள் இப்பொழுது நம் வகுப்பில் சேர்ந்து அமர்கின்றனர். ஒரு மணி நேரத்தில் அறுபது பிள்ளைகளிடம் பாடம் கேட்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பிள்ளையின் 'ழாத்' உச்சரிப்பை எப்படித் திருத்துவது?

இது நம் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் நம் மூத்த மகன், ஆலிம் படிப்பில் சேர விரும்புவதாகச் சொன்னான். நாம் மகிழ்ந்தோம். நம் துணைவியார் மகிழவில்லை. "மார்க்கம் படிக்கட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் பட்டதை என் மருமகள் படக் கூடாது" என்றார். இருபது ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தை மிதித்து, நம் சம்பளத்துக்கும் மாதக் கடைசிக்கும் இடையிலான பள்ளத்தை நிரப்பி வந்தவர் அவர். ஆலிம்களின் சிறப்பைக் கூறும் ஹதீஸ்கள் அவருக்கும் தெரியும், அவரும் ஓதியவர்தான். அவருடைய சொல்லுக்குப் பதிலாக ஹதீஸ் சொல்ல நம் நா எழவில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது மஹல்லா.

1993ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பள்ளிவாசல் இமாம்களுக்கு முறையான ஊதியத் திட்டம் வகுக்குமாறு மத்திய அரசுக்கும் மத்திய வக்ஃப் வாரியத்துக்கும் உத்தரவிட்டது. அத்தீர்ப்பு பேசியது இமாம்களைப் பற்றி. மக்தப் உஸ்தாத்களைப் பற்றி அன்று. தமிழக அரசு 2009இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தை அமைத்தது. அதில் பதிவு செய்துகொள்ளாத உஸ்தாத்கள் இன்னும் பலர் இருக்கின்றனர். தங்கள் மஹல்லா உஸ்தாத் பதிவு செய்திருக்கிறாரா என்று நிர்வாகிகள் கேட்டால் நன்று. ஆயினும் மாதச் சம்பளம் என்பது ஊரின் பொறுப்பே.

எந்த வீடு நல்ல வீடு?

மூன்றாவது கேள்வியில்தான் மனத்தாங்கல் அதிகம். உள்நாட்டு ஊர்க்காரர்கள், "மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பதா?" என்று வியக்கின்றனர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலோ, பெண்ணுக்கு வீடு கொடுத்து அவளைத் தாயின் அருகிலேயே வைத்துக்கொள்வது தலைமுறை வழக்கம். இலங்கையின் கிழக்குக் கரையிலும் இவ்வாறே. ஆண்கள் கடல் கடந்து வணிகம் செய்யப் போன ஊர்களில், வீட்டில் தனித்திருக்கும் பெண்ணுக்குத் தாயும் சகோதரிகளும் துணையாயிருப்பது இவ்வழக்கத்தின் பெரும் நன்மை. இன்று வளைகுடா நாடுகளுக்குப் போகும் ஆண்களுக்கும் அது பொருந்துகிறது. இளையவர்களோ, இரண்டும் வேண்டாம், சென்னையில் தனி வீடு போதும் என்கின்றனர்.

மார்க்கம் இவற்றில் எதையும் கட்டாயமாக்கவில்லை. மனைவிக்கு உறைவிடம் அளிப்பது கணவனின் கடமை. அவள் விரும்பாவிட்டால் அவனுடைய உறவினர்களோடு அவளைச் சேர்த்து வைக்க அவனுக்கு உரிமையில்லை என்றும், பெரிய வீடாயின் பூட்டிக்கொள்ளத்தக்க தனி அறையேனும் வேண்டும் என்றும் ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. கூட்டுக் குடும்பத்தை மார்க்கத்தின் பெயரால் மருமகள் மீது சுமத்துவோர் இதை அறிய வேண்டும். அதேபோல், பெண்ணுக்கு வீடு கொடுப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புச் செய்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று கேட்டு, நபி (ஸல்) அவர்கள் அதற்குச் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள்.

ஓர் உஸ்தாதாக நாம் காண்பது வேறொன்று. நேற்றைய பாடத்தை வீட்டில் யாராவது ஒருவர் காது கொடுத்துக் கேட்ட பிள்ளை மறுநாள் தடுமாறாமல் ஓதுகிறது. அந்த ஒருவர் வாப்பாவாக இருக்கலாம், உம்மாவாக இருக்கலாம், உம்மாவின் உம்மாவாக இருக்கலாம். சவூதியிலிருந்து இரவு வீடியோ அழைப்பில் கேட்கும் தந்தையாகவும் இருக்கலாம். பத்துப் பேர் வாழும் வீட்டில் கேட்க ஒருவரும் இல்லாத பிள்ளையையும் பார்த்திருக்கிறோம். கணவரை இழந்து இட்லிக் கடை நடத்தும் தாய், மாவரைத்துக்கொண்டே பாடம் கேட்டு அனுப்பும் பிள்ளையையும் பார்த்திருக்கிறோம்.

மூன்றும் ஒன்றே

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் இளமையை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள். தாயார் அவர்களை மக்காவுக்கு அழைத்து வந்து ஆசிரியரிடம் ஓத விட்டார். ஆசிரியருக்குக் கொடுக்க அத்தாயிடம் ஒன்றுமில்லை. ஆசிரியர் என்ன செய்தார்? தாம் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வதையே கூலியாக ஏற்றுக்கொண்டு ஓதிக் கொடுத்தார். ஏழு வயதில் அவர்கள் குர்ஆனை மனனம் செய்தார்கள்.

நாம் தனித்தனியாக வாதிடும் மூன்று கேள்விகளும் இந்த ஒரே வரலாற்றில் இருக்கின்றன. தந்தையில்லாத வீடு, கொடுக்க இயலாத கட்டணம், நின்றுவிட்டிருக்கக் கூடிய கல்வி. பணம் இல்லை என்பதற்காகத் தாய் பின்வாங்கவில்லை. பணம் வரவில்லை என்பதற்காக ஆசிரியர் துரத்தவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளின் வீடுகளும் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த ஆசிரியர் அங்கே இருந்திருப்பாரா? ஓர் ஏழைப் பிள்ளைக்கு இலவசமாக ஓதிக் கொடுக்கும் தாராளம், கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதால்தான் ஆசிரியருக்கு வாய்க்கிறது.

நம் மஹல்லாவில் சென்ற மாதம் நடந்த ஆலோசனையில் நாம் வைத்த யோசனைகள் இவை:

1. பிள்ளைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தை நிறுத்திவிட்டு, வசதிக்கேற்ப வீட்டுக்கு ஒரு சந்தா என்று வைக்கலாம். பிள்ளையில்லாத வீடும் கொடுக்கட்டும். ஓதும் பிள்ளையின் கையில் பணம் கொடுத்தனுப்பும் வழக்கம் நின்றால், கொண்டுவராத பிள்ளை தலை குனிய வேண்டியிராது.

2. பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளின் வாடகையைச் சந்தை நிலவரத்துக்கு உயர்த்தி, உயரும் தொகையை மக்தபுக்கு ஒதுக்கலாம். வக்ஃப் செய்தவர் வேறு நோக்கத்தைக் குறிப்பிட்டிருந்தால் அதை மீறலாகாது. ஆதலால் ஆவணத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பேசிய வாடகையை இன்றும் கொடுத்துக்கொண்டு, உஸ்தாதின் இக்லாஸைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

3. பள்ளி வேனுக்கு முந்தி ஒரு வகுப்பு, மஃரிபுக்குப் பின் ஒரு வகுப்பு என இரண்டு வைக்கலாம். இரண்டில் எதற்கு வருவது என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். இதற்கு இரண்டாவது உஸ்தாத் அவசியம்.

4. ஒவ்வொரு வீட்டிலும் நாளுக்குப் பத்து நிமிடம் பாடம் கேட்பவர் இன்னார் என்று பெயர் சொல்லி எழுதித் தரட்டும்.

கருத்து வேறுபாடு எழுந்தது. வாடகை விஷயத்தில் குரல் உயர்ந்தது. கடைக்காரர்களும் நம் தெருக்காரர்கள்தானே. மூன்றாவதும் நான்காவதும் ஏற்கப்பட்டன. சந்தா முறையை ஆறு மாதம் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வாடகை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது உஸ்தாதுக்கு 15,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள். அது எங்கிருந்து வரும் என்பது வாடகைக் கூட்டத்தில்தான் தெரியும். செல்போன் கடைக்குப் போன அந்த இளம் ஆலிமிடம் நாம் இன்னும் பேசவில்லை. தொகை உறுதியாகாமல் அவரை மீண்டும் அழைப்பது அவருடைய குடும்பத்துக்குச் செய்யும் அநீதி.

நம் மகனின் முடிவும் பொதுத் தேர்வு வரை தள்ளிப் போயிருக்கிறது. பட்டப்படிப்போடு ஆலிம் படிப்பையும் தரும் கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தை அவனுடைய தாயாரே வாங்கி வரச் சொன்னார். அது இப்பொழுது தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் இருக்கிறது.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, பள்ளிக்கூடத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் உங்கள் கருத்து எதுவாயினும் இருக்கட்டும். இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் நேற்றைய பாடத்தை ஓதச் சொல்லிக் கேளுங்கள். வரும் ஜும்ஆவில் உங்கள் மஹல்லா நிர்வாகியிடம், மக்தப் உஸ்தாதின் சம்பளம் எவ்வளவு, கடைசியாக எந்த ஆண்டு உயர்த்தப்பட்டது என்று கேளுங்கள். பலருக்கு இவ்விரண்டுமே தெரியாது. தெரிந்துகொண்டால் பேச வேண்டியது என்னவென்று தானாகத் தெரியும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஓதிக் கொடுப்பவர்களின் வீடுகளில் போதுமான ரிஸ்கைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.